கடையின் முகவரி யார் கையில்?

கடிதம் என்றதும் நம் வணிகவியல் மாணவர் நினைவுக்கு வருவது ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்’ என்னும் தொடர்தான். வணிகக் கடிதத்தின் உறுப்புகள் எத்தனை, தேதி எந்த மூலையில், கையொப்பம் எந்தப் பக்கம் என்பனவற்றை யெல்லாம் நாம் மனப்பாடமாக அறிவோம். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம். ஆனால் அக்கடிதம் எந்த முகவரியிலிருந்து புறப்படுகிறது, அந்த முகவரி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் விழிப்போம். நானும் விழித்தவன்தான். விழித்த இடம் வகுப்பறை அன்று. தீர்த்தமலை அடிவாரத்தில் இருக்கும் என் தாய்மாமன் கடை.

மாமா சாமை, வரகு, கேழ்வரகு மாவு ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்பவர். அரூர்க் கடைகளுக்கும் சேலத்துக்கும் போவது போக, பெங்களூரில் ஒரு கடைக்கு மாதந்தோறும் சரக்கு அனுப்புவார். 2022 சூலை முதல் பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய தானியத்துக்கும் சரக்கு சேவை வரி உண்டு என்றாயிற்று. வரிக்குரிய சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறவர், விற்பனை எவ்வளவு சிறியதாயினும் பதிவு செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆகவே மாமா அரூருக்குப் பேருந்தேறி, ஒரு பிரவுசிங் சென்டரில் பணம் கட்டிப் பதிவு எண் வாங்கிவந்தார். மாதக் கணக்கு காட்டும் வேலையையும் அந்தப் பையனிடமே விட்டார். பதிவுப் படிவத்தில் மின்னஞ்சல் என்று ஒரு கட்டம் உண்டே, அதில் என்ன எழுதினார்கள் என்று மாமா கேட்கவில்லை. அவரிடம் மின்னஞ்சலே இல்லாதபோது என்னவென்று கேட்பார்? பையன் தன் கடையின் முகவரியையே போட்டுவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவனிடம் வந்த பலருக்கும் அப்படித்தான் செய்திருக்கிறான்.

நிற்க. அந்தப் பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கடையை மூடிவிட்டுப் போனான். மாமாவுக்கு அது தெரியும். ஆனால் கணக்கும் அவனோடு போய்விட்டது என்பது தெரியாது. தொடர்ந்து ஆறு மாதம் கணக்கு காட்டாவிட்டால் பதிவை நீக்கலாம் என்பது சட்டம். நீக்குமுன் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்புவார்கள். ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அறிவிப்பு ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, ஓசூருக்குப் போய்விட்ட பையன் திறந்து பாராத அஞ்சல் பெட்டிக்கு! பெங்களூர்க் கடைக்காரர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் நம்பர் ரத்து என்று காட்டுகிறது, இந்த பில்லை எடுக்க முடியாது’ என்ற பிறகுதான் விஷயம் வெளியாயிற்று. பதினெட்டு மூட்டைச் சாமை கட்டிய கயிற்றோடு திண்ணையில் கிடந்தது.

“என்னா மாப்ள, எனக்குக் கடுதாசி எதுவும் வரலியே! வராத கடுதாசிக்கு நான் எப்படிப் பதில் சொல்றது?” என்று மாமா என்னைத்தான் கேட்டார். நான் மூன்றாமாண்டு வணிகவியல் மாணவன் அல்லவா!

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினாலே அறிவிப்பைச் சேர்ப்பித்ததாகும் என்கிறது. வரித்துறையின் இணையதளத்தில் ஏற்றிவைப்பதும் ஒரு வழியாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ‘இணையதளத்தில் ஏற்றியதை நாங்கள் பார்க்கவே இல்லை’ என்று வணிகர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய வழக்குகள் பல. ஆனால் பதினெட்டு மூட்டைச் சாமைக்காக உயர் நீதிமன்றம் போக முடியுமா?

இது எங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்த கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 2018ஆம் ஆண்டிலேயே மத்திய நிதி அமைச்சகம் இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. பதிவு செய்துகொடுக்கும் இடைத்தரகர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையுமே கொடுத்துவிட்டு, பிறகு விவரம் தர மறுக்கிறார்கள் என்று வணிகரிடமிருந்து புகார்கள் வந்தன என்றும், அப்படிப்பட்டவர் தம் வட்டார வரி அலுவலரிடம் ஆவணங்களுடன் சென்று முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதில் உள்ளது. நாடு முழுவதும் எத்தனை மாமாக்கள் இருந்தால் அமைச்சகமே அறிவிப்பு வெளியிடும், எண்ணிப் பாருங்கள்!

நீக்கிய பதிவை உயிர்ப்பிக்க, உத்தரவு சேர்ந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் தவணை. எழுபதுக்கு மேல் கழிந்திருந்தது. அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தோம், விடுபட்ட கணக்குகளைத் தாமதக் கட்டணத்துடன் கட்டினோம், பதிவு மீண்டது. அலுவலர் நல்லவர். எழுதிக்கொண்டே, “புது ஈமெயில் என்ன?” என்று கேட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் என் சொந்த ஜிமெயில் முகவரியைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிரவுசிங் சென்டர்ப் பையன் செய்ததையே நானும் செய்யப் பார்த்தேன் அன்றோ? நாளை எனக்கும் ஓசூரில் வேலை கிடைக்கலாம். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

அந்த ஒரு வாரம் நடந்த ஆராய்ச்சிதான் இக்கட்டுரை.

எந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் நல்லது என்ற கேள்வியோடுதான் தொடங்கினேன். இடம் எவ்வளவு தருகிறார்கள், எத்தனை பேருக்கு இலவசம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு நிரப்பினேன். இரண்டு நாளில் அந்த நோட்டை மூடிவைத்தேன். நான் தேடிய கேள்வியே பிழை என்பது என் துணிபு.

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் கொக்கி போன்ற ஓர் எழுத்து இருக்கிறதே, ‘அட்’ என்போமே, அதை 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்தார். கொக்கிக்கு இடப்புறம் ஆளின் பெயர். வலப்புறம் அந்த ஆள் இருக்கும் இடத்தின் பெயர். வலப்புறத்தில் ஜிமெயில் என்றிருந்தால் அந்த இடம் கூகுளுடையது. நாம் அங்கே குடியிருப்பவர். வாடகை இல்லாமல் குடியிருக்கிறோம் என்பதால் வீட்டுக்காரராகிவிட மாட்டோம். வலப்புறத்தில் நம் கடையின் பெயரே இருந்தால்? அப்போது இடம் நம்முடையது. அதைத்தான் களப்பெயர் என்கிறார்கள். ‘டாட் இன்’ என்று முடியும் ஒரு பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும். முதலாண்டு சலுகை விலையில் தந்துவிட்டு இரண்டாமாண்டு முழு விலை கேட்பார்கள். புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் பெயரோடு சேர்ந்து ஒரு பதிவேடு உண்டு. அதில் எம்.எக்ஸ். என்று ஒரு வரி. ‘இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன நிலையத்தில் இறக்குக’ என்று உலகத்துக்கு அறிவிக்கும் கைகாட்டி மரம் அது. இன்று கூகுளின் நிலையம், நாளை மைக்ரோசாஃப்ட், மறுநாள் நம் ஸோஹோ என்று கைகாட்டியைத் திருப்பிக்கொள்ளலாம். கடிதம் எழுதுகிறவருக்கு மாற்றமே தெரியாது. மாமாவுக்கு இதை எப்படி விளக்குவதென்று நான் திணறியபோது அவரே சொன்னார்: “மலைமேல ராமர் தீர்த்தம் விழுதில்ல, அந்த மாதிரி. எவர்சில்வர்ல புடிச்சா என்ன, பிளாஸ்டிக்ல புடிச்சா என்ன?” எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது.

இதற்கு நம் கண்முன்னே நடந்த பெரிய சான்று ஒன்று உண்டு. மத்திய அரசு ஊழியரின் மின்னஞ்சலைத் தேசிய தகவலியல் மையம் நெடுங்காலம் தானே நடத்திவந்தது. பிறகு அப்பணி ஒப்பந்தப்படி ஸோஹோ நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 12 லட்சம் ஊழியரின் அஞ்சல் பெட்டிகள் அங்கே மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வெளியாயிற்று. ஸோஹோ நம் தமிழ்நாட்டு நிறுவனம் என்பது யாவரும் அறிந்ததே. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் உலகத்துக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம். பத்திரிகைகள் இந்தப் பெருமையைத்தான் எழுதின. எனக்கு வியப்பளித்தது வேறு. 12 லட்சம் பெட்டிகள் இடம்பெயர்ந்தும் எந்த ஊழியரின் முகவரியும் மாறவில்லை! ‘கவ் டாட் இன்’, ‘நிக் டாட் இன்’ என்று முன்பு இருந்தபடியே இருக்கின்றன. வலப்புறப் பெயர் அரசினுடையது. பெட்டியைத் தாங்கும் தோள் மட்டும் மாறியது. அரசுக்கு இந்த வசதி ஏன் இருந்தது? பெயரை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதனால்தான்.

எதிர்ப்பக்கச் சான்றும் அதே ஆண்டில் கிடைத்தது. குசராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு உரியது. 2025 சூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலைமீது தடை விதித்தது. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தின் மின்னஞ்சலை நிறுத்திவிட்டது. பணம் கட்டிய சேவை. இந்திய மண்ணில் உள்ள ஆலை. இந்தியச் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மாத முடிவுக்குள் சேவை திரும்பக் கிடைத்தது. இடைக்காலத்தில் ரெடிஃப் நிறுவனத்தின் அஞ்சலைக் கொண்டு சமாளித்தார்கள். சாமை விற்கும் மாமாமீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிக்கப்போவதில்லைதான்! ஆயினும் பணம் கட்டினாலும் பெட்டி பூட்டப்படலாம் என்பது தெளிவாயிற்று. பணம் கட்டாத பெட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இலவசம் என்பதற்கு ஆயுள் எவ்வளவு என்பதற்கும் ஒரு கதை உண்டு. சிறு நிறுவனங்கள் தம் பெயரிலேயே இலவசமாக அஞ்சல் நடத்தலாம் என்று 2006இல் கூகுள் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2012 டிசம்பரில் புதியவருக்கு நிறுத்தியது. பழைய இலவசக்காரரும் இனிப் பணம் கட்ட வேண்டும் என்று 2022 சனவரியில் அறிவித்தது. கூச்சல் எழுந்த பின், சொந்த உபயோகத்துக்கு மட்டும் தொடரலாம், வணிகத்துக்கு ஆகாது என்று இறங்கிவந்தது. நான் கூகுளைக் குறை கூறவில்லை. அன்னசத்திரம் வைத்தவன் ஒருநாள் மூடத்தான் செய்வான். தனிநபர் கணக்கை இரண்டாண்டு தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்ற விதியும் 2023 முதல் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்துவிட்ட நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

“இதெல்லாம் எதற்கு? வாட்ஸ்அப் போதாதா?” என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். மாமாவின் வியாபாரத்தில் முக்கால் பங்கு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. மூட்டைப் படம் போட்டால் விலை வருகிறது. ஆனால் வரித்துறை அறிவிப்பும், வங்கியின் கணக்கறிக்கையும், பெரிய கடையின் கொள்முதல் ஆணையும் மின்னஞ்சலைத்தான் தேடி வருகின்றன. வாட்ஸ்அப் கைப்பேசி எண்ணோடு ஒட்டியது. சிம்மை வைத்திருப்பவன் கையில் கடை இருக்கும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் நம்முடையதாக இருக்கலாம் என்றால் அஞ்சல் நிலையமும் நம்முடையதாகவே இருந்தால் என்ன என்று ஓர் ஆசை எழுந்தது. கணினி அறிவியல் துறை நண்பன் ஒருவன் ஊக்கினான். மாத வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்து இரண்டு இரவு விழித்து அஞ்சல் நிலையம் கட்டினோம். மாமாவின் பெயரில் முதல் கடிதத்தைப் பெங்களூர்க் கடைக்கு அனுப்பினோம். பதிலே இல்லை. விசாரித்தால், கடிதம் குப்பைப் பெட்டியில் கிடக்கிறது! ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஐயத்தோடுதான் பார்க்கும். எஸ்.பி.எஃப். என்பது ‘என் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வருக்கே உரிமை’ என்ற அறிவிப்பு. டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்தின்மீதும் இடும் முத்திரை. டிமார்க் என்பது இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கின. ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் முதலிரண்டில் ஒன்றேனும் வேண்டும், நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். முதல் இரவிலேயே இதைப் படித்திருக்கலாம். படித்த பின்னும், மூன்றையும் சரியாக வைத்த பின்னும், எங்கள் சர்வருக்கு நற்பெயர் உண்டாக நாளாகும் என்று தெரிந்தது. மாமாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. அந்தச் சர்வரை மூடிவிட்டோம். சிறு வணிகர் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டியது பெயரை, நிலையத்தை அன்று.

அப்படியானால் எந்த நிலையம்? இவ்வளவு நேரம் காத்திருந்த வாசகர்க்கு ஏமாற்றமாக இருக்கலாம். கூகுளோ, மைக்ரோசாஃப்ட்டோ, ஸோஹோவோ, எதுவானாலும் மாமாவின் வேலைக்குப் போதும். ஒரு பெட்டிக்கு மாதம் ஐம்பது அறுபது ரூபாயிலிருந்து இருநூறு முந்நூறு வரை திட்டங்கள் இருக்கின்றன. நாங்கள் ஸோஹோவை எடுத்தோம். விலை குறைவு என்பது முதற்காரணம், நம்மூர் நிறுவனம் என்ற ஆசை இரண்டாவது காரணம். ஆளுக்கொரு பெட்டி வாங்கவில்லை. ‘கணக்கு’, ‘விற்பனை’ என்று இரண்டு பெயர் வைத்து, இரண்டும் ஒரே பெட்டியில் வந்து விழுமாறு செய்தோம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெளிப் பார்வைக்கு இரண்டு ஆள் வேலை செய்யும் கடைபோல் தெரிவதில் அத்தைக்கு மெத்த மகிழ்ச்சி.

அத்தைக்கு வேறோர் ஆசையும் இருந்தது. முகவரி முழுவதும் தமிழில் இருக்கக் கூடாதா என்றார். ‘டாட் இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் களப்பெயர் உண்டு, வாங்கலாம். ஆனால் வங்கிப் படிவத்திலும் பிற தளங்களிலும் தமிழெழுத்து முகவரியை இட்டால் ‘தவறான மின்னஞ்சல்’ என்று திருப்பியடிக்கும் இடங்கள் இன்றும் பல. தமிழ் முகவரி வைத்திருப்பவனுக்கு மீண்டும் ஒரு பிரவுசிங் சென்டர்ப் பையன் தேவைப்படுவான். வருத்தத்தோடு ஆங்கில எழுத்திலேயே வாங்கினோம். இந்த நிலைமை மாற வேண்டும் என்று மேடைகளில் முழங்குகிறவர்கள், முதலில் தங்கள் நிறுவனப் படிவங்களைத் திருத்தலாம்.

முக்கியமான ஒன்றை விட்டுவிடப் பார்த்தேன். களப்பெயரை யார் பெயரில் பதிவது? இணையதளம் கட்டித்தருகிறவர்கள் ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று தங்கள் பெயரில் பதிந்துவிடுவது வழக்கம். அப்படி விட்டால் பழைய கதைதான். மாமாவின் பெயர், மாமாவின் கைப்பேசி எண், மாமா கட்டிய பணம் என்று பதிந்தோம். களப்பெயர் விற்கும் தளத்தில் நுழைவதற்கான மின்னஞ்சலாக அதே கடை முகவரியைக் கொடுக்கலாகாது. பெயர் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுபோகும், சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியது போலாகும். அதற்கென்று மாமாவுக்குத் தனியே ஒரு ஜிமெயில் தொடங்கினோம். கடவுச்சொல்லை என் கையால் எழுதவில்லை; அவரே எழுதி, கடைப் பத்திரம் வைக்கும் தகரப் பெட்டியில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து அலுவலரிடம் போய்ப் புது முகவரியை மாமா தாமே எழுத்தெழுத்தாகச் சொன்னார். கொக்கி எழுத்து வந்தபோது மட்டும் சற்றுத் தயங்கி, காற்றில் விரலால் வரைந்து காட்டினார். பதினெட்டு மூட்டையும் அடுத்த புதன்கிழமை லாரி ஏறின.

களப்பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று நான் சொன்னதை அத்தை மறக்கவில்லை. கடைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் அட்டையில், பால் கணக்குக்கும் சீட்டுப் பணத் தேதிக்கும் நடுவே, ‘மார்ச் 11, கடைப் பேர் பணம் கட்டணும்’ என்று எழுதிவைத்திருக்கிறார். பென்சிலால் எழுதியது அழிந்துவிடும் என்று மறுநாள் அதன்மேலேயே பேனாவால் எழுதினார்.